தாதியரும் மாயக் கண்ணாடியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலையில், என் பழைய மாணாக்கி ஒருத்தி வாவிக்கரையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தாள். பத்தாம், பதினோராம் வகுப்புகளில் என்னிடம் தமிழ் கற்றவள். இப்பொழுது தாதியர் கல்வி பயில்கின்றாள். அவள் கொணர்ந்த பையினுள், நீர்மூழ்குவோர் அணியும் முகக்கண்ணாடியைப் போன்ற பருத்த கருவியொன்று இருந்தது. வெளிநாட்டில் தொழில்புரியும் அவள் தமையன் விளையாட்டுக்கென வாங்கி வந்ததாம். “ஐயா, இதக் கண்ணில கட்டிப் பாருங்க, பயந்து கழட்டிப் போடாதீங்க” என்று சொல்லித் தானே அதை என் தலையிற் பொருத்திவிட்டாள்.

யான் இருந்தது என் வீட்டு விறாந்தையில். கண்டதோ மேனாட்டு வீடொன்றின் அடுக்களை. தலையை இடப்புறந் திருப்பினால் அவ்வீட்டுச் சாளரம் தெரிந்தது. குனிந்தால் என் கால் இருக்கவேண்டிய இடத்தில் வேறெவருடையவோ கால் இருந்தது. சிறிது நேரத்தில் வலக்காதின் பின்னே ஓர் ஆடவன் குரல். அதற்கு மறுமொழியாக ஒரு பெண்குரல். இருவரும் என்னைப் பற்றிப் பேசினர், என்னோடு பேசவில்லை. இவனாற் கோப்பையைக் கூடக் கழுவ முடியாது என்பது போன்ற சிறு சிறு இழிப்புரைகள். தொலைக்காட்சியிற் செய்தி வாசித்தவர் திடீரென என்னை விளித்து எச்சரித்தார். மருந்துப் புட்டியின் மேலிருந்த எழுத்துகள் நஞ்சு என மாறின. ஏழெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தன. கருவியைக் கழற்றியபோது என் கை நாற்காலிச் சட்டத்தை இறுகப் பற்றியிருந்தது. எதிரே வாவி, தோணியொன்று வலையோடு போய்க்கொண்டிருந்தது.

உளநோயுற்றார் ஒருவரின் கண்ணாலும் செவியாலும் நாமும் ஒரு சிறுபொழுது கழிக்கும்படி ஆக்கப்பெற்ற காட்சி இது. மேனாடுகளிலே தாதியர்க்கும் மருத்துவ மாணவர்க்கும் இவ்வகைக் கருவிகொண்டு பாடம் நடத்துகின்றனர். நம்மூரிலும் இதனைப் பயன்படுத்தலாமா என்பது பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதவேண்டும். என்னிடம் அவளுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ‘ஸ்ரிக்மா’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ்ச்சொல் ஒன்று வேண்டும். இக்கருவி பற்றி என் கருத்தும் வேண்டும். முன்னது என் தொழில். பின்னது வைத்தியர் தொழில். ஆயினும் சொல்லைத் தேடப் புகுந்த யான் பொருளுக்குள்ளும் அகப்பட்டுக்கொண்டேன்.

கருவி நேற்றுத் தோன்றியதொன்றன்று. 1968இல் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றை அமைத்தார். அதன் பாரத்தைத் தலை தாங்காதெனக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1980களில் யாரன் லனியர் என்பவர் பரப்பிய ஆங்கிலப் பெயரையே நாம் இன்று ‘மெய்நிகர்’ எனத் தமிழாக்கிக்கொண்டுள்ளோம். (மெய்ஞ்ஞானம் என்பதில் ஞகரம் மிகுந்தாற்போல இங்கும் நகரம் மிகுந்து ‘மெய்ந்நிகர்’ என வருதலே மரபு. செய்தித்தாள்கள் அதனை மறந்துவிட்டன. யான் மறக்க இயலாது.) உளநோய்க் கல்வியில் இதற்கு முன்னோடியாக நின்றவர் பற்றிசியா டீகன் என்னும் உளவியலாளர். இளமையில் தாமே மனச்சிதைவு நோயென வைத்தியராற் குறிக்கப்பெற்றவர் அவர். 1990களில் அவர் வகுத்த பயிற்சியில், மாணவர் செவியிற் கருவி பொருத்தி இடைவிடாத குரல்களைக் கேட்டுக்கொண்டே, கொடுத்த வேலைகளைச் செய்யவும் பிறரோடு உரையாடவும் முயலவேண்டும். பின்னர்க் கலிபோர்னியாவிற் பீற்றர் யெலோலீஸ் என்னும் மனநல மருத்துவர், நோயாளர் தம் வாயாற் கூறியவற்றைக் கொண்டு கணினியுலகில் ஒரு மருத்துவ விடுதியையே கட்டிக் காட்டினார். 2006ஆம் ஆண்டில் அதுபற்றிய கட்டுரை வெளிவந்தது. என் தலையிற் கட்டிய கண்ணாடி அவ்வழியில் வந்ததே.

தாதியர்க்கு இது ஏன் இத்துணை இன்றியமையாதது? வைத்தியர் வந்து பார்த்துப் போவார். இரவு முழுதும் உடனிருப்பவர் தாதி. உளநோயுள்ள ஒருவர் ‘நெஞ்சு நோகிறது’ என்று சொன்னால், அதனை நெஞ்சுநோவாகக் கேட்பதா, பிதற்றலாகக் கேட்பதா என்பதை முதலில் தீர்மானிப்பது பெரும்பாலும் அவரது செவியே. கடும் உளநோயுற்றோர் ஏனையோரினும் 10 முதல் 20 ஆண்டுகள் முந்தி இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவ்விறப்புகளிற் பெரும்பாலானவை இருதய நோய் முதலிய உடல்நோய்களால், தடுத்திருக்கக் கூடிய நோய்களால் நிகழ்வன. தாதியின் ஒரு முகச்சுளிப்பை வெறும் நடத்தைக் குறையெனக் கொள்ள இயலாமைக்கு இது போதும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். கிரேக்கர் அடிமை, குற்றவாளி, துரோகி ஆகியோரின் உடம்பிற் சுட்டும் வெட்டியும் இட்ட குறியே ஸ்ரிக்மா. 1963இல் ஏர்விங் கொவ்மன் என்னும் சமூகவியலாளர் இச்சொல்லைத் தலைப்பாக வைத்து எழுதிய நூலில் இவ்வரலாற்றைக் கூறுகிறார். நம் அகராதிக்காரர் இதற்குக் ‘களங்கம்’ என்று எழுதிவிடுவர். எனக்கு அது உடன்பாடன்று. களங்கம் நிலவின்கண் உள்ளது, நிலவுக்கே உரியது. நோயாளர் மீது இருப்பதோ பிறர் இட்டது. ஆதலால் ‘வடு’ என்பதே நெருங்கிய சொல். நாவினாற் சுடுவதைத் திருக்குறளும் வடு என்றே குறிக்கின்றது. வடுவைக் காணுந்தோறும் எழும் உணர்ச்சிக்குத் தொல்காப்பியர் பெயரிட்டு வைத்துள்ளார். எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றான இளிவரல் பிறக்கும் இடங்கள் நான்கு என்பர் அவர்: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. பிணி அங்கேயே நிற்கின்றது. இளிவரல் பிறரைக் கண்டும் பிறக்கும், தன்னையே கண்டும் பிறக்கும் என்பது உரைமரபு. ஊரார் நோயாளரை இழிவாக நோக்குதலும், நோயாளர் நாளடைவில் தம்மைத் தாமே இழிவாக நோக்குதலும் என இரண்டாகப் பிரித்து இக்கால உளவியலார் பெரிதும் ஆராய்வது இதனையே.

இவற்றையெல்லாம் கூறி மகிழ்ந்திருந்தேன். மாணாக்கி பொறுமையாக எழுதிக்கொண்டு, பின் தலைநிமிர்ந்தாள். “வார்ட்டில இந்தச் சொல்லெல்லாம் ஆரும் சொல்ல மாட்டாங்க ஐயா. ‘விசர்’ எண்டுதான் சொல்லுவாங்க. இல்லாட்டி ‘அங்கொடைக் கேஸ்’ எண்டு.”

விசர் என்பது நாய்க்கும் மனிதர்க்கும் நாம் பொதுவாக வைத்த சொல். அதனை விடுவோம். அங்கொடை என்ற சொல்லைக் கேட்டதும் என் நாவடங்கிவிட்டது. அதன் காரணத்தை இதுகாறும் எவரிடமும் சொன்னதில்லை.

1998ஆம் ஆண்டு. யான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். ஆகுபெயர்ப் பாடம் நடந்துகொண்டிருந்தது. இடவாகுபெயருக்கு ‘ஊர் சிரித்தது’ என்னும் வழமையான எடுத்துக்காட்டைச் சொல்லி, மாணவரிடம் வேறொன்று கேட்டேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, “அவன் ஒரு அங்கொடை, சேர்” என்றான். வகுப்பு அதிரச் சிரித்தது. யானும் சிரித்தேன். சிரித்ததோடு அமையவில்லை. கொழும்புக்கு அணித்தேயுள்ள ஓர் ஊரின் பெயர் முதலில் ஆங்குள்ள மனநோய் மருத்துவமனைக்கு ஆகி, பின்னர் அங்கே செல்வோர்க்கும் ஆகி வந்தமையால் இதனை இருமடியாகுபெயர் என்றும் கூறலாம் என விளக்கினேன். ‘நல்ல உதாரணம்’ என்று பாராட்டிக் கரும்பலகையிலும் எழுதினேன். சாளரத்தோரம் படுவான்கரைச் சிற்றூரொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். மறுநாள் அவன் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை. அவன் தமக்கை அதற்கு முந்திய வாரந்தான் அங்கொடைக்குக் கொண்டு செல்லப்பட்டாள் என்பதைச் சில வாரங்கள் கழித்தே அறிந்தேன். போர்க்காலம். சோதனைச் சாவடிதோறும் இறங்கி, மகளுக்கு என்ன நோயென்று காவலரிடம் தந்தை சொல்லிச் சொல்லியே போகவேண்டியிருந்ததாம். அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டுமென்று நினைத்தேன், போகவில்லை.

பல ஆண்டுகளின் பின் கடைத்தெருவில் அவனைக் கண்டேன். என்னைக் கண்டதும் சைக்கிளை விட்டிறங்கி, “சேர், சுகமா?” என்றான். அவன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். தமக்கையைப் பற்றிக் கேட்க நா எழவில்லை.

சென்னையிலே ‘கீழ்ப்பாக்கம்’ என்பதும் இவ்வாறே வசையாயிற்று. அங்கொடை மருத்துவமனை பின்னாளில் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது. பலகையில் எழுதிய பெயர் மாறியும் தெருவில் வழங்கும் ஆகுபெயர் மாறவில்லை. அம்மருத்துவமனை செய்த குற்றமன்று இது. 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பைத்தியமுற்றோரைப் பிரித்து ஓரிடத்தே வைத்தலே முறையெனக் கொண்ட காலம் நெடிது நீடித்தது. ஓரிடத்தே வைத்தால் அவ்விடத்தின் பெயரே வடுவாகும். 2000ஆம் ஆண்டளவில் மனநல மருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் பணியாற்றத் தொடங்கி, ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து இங்கே மனநலச் சேவையைக் கட்டியெழுப்பிய வரலாறு மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. 2005இல் வகுத்த தேசிய மனநலக் கொள்கையும் மாவட்டந்தோறும் சிகிச்சை கிடைக்க வழிகோலியது. இன்று மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்திற் தாதியர் பட்டப் படிப்பும் உண்டு. அந்தத் தந்தை இன்று இருந்திருந்தால் வாவியைக் கடந்து வந்தாற் போதும். ஆனால், அவர் மகளை ஏற்றுக்கொள்ளும் தாதியின் மனத்துள்ளே அங்கொடை இருக்குமாயின், வாவியைக் கடந்து வந்தும் அவர் சேருமிடம் எது?

மாயக் கண்ணாடி அந்த அங்கொடையை அகற்றுமா? 2015இல் கிறிஸ் மில்க் என்னும் படத்தயாரிப்பாளர் இக்கருவியைப் பிறருணர்வை நம்முள் விளைக்கும் எந்திரம் எனப் போற்றியதிலிருந்து உலகம் அதனையே பாடிவருகின்றது. ஆய்வாளரின் முடிவு அத்துணை இனியதன்று. மனச்சிதைவு நோயின் குரல்களைப் போலிசெய்து காட்டும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி இலண்டனிலிருந்து சில அறிஞர் 2011இல் வெளியிட்ட கட்டுரையின் முடிபு இது: பார்த்தோரிடம் இரக்கம் மிகுந்தது, அதனோடு, இத்தகையோரிடமிருந்து விலகி வாழவேண்டும் என்னும் விருப்பமும் மிகுந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்காவில் மாணவரிடையே நடந்த ஓர் ஆய்விலும், காட்சியை மட்டும் கண்டோர் விலகி நிற்கவே விரும்பினர். காட்சியோடு அம்மனிதரின் உள்ளத்தில் தம்மை வைத்து எண்ணும்படி வழிகாட்டப்பெற்றோரே அன்பு மிக்கவராயினர்.

சிந்தித்தால் இதில் வியப்பில்லை. என் கை நாற்காலியைப் பற்றியது இரக்கத்தாலா? அச்சத்தால். அச்சந் தரும் பொருளை நாம் அணுகுவோமல்லோம். கண்ணாடி எனக்குக் காட்டியது நோயை. வடுவை அது காட்டவேயில்லை. அந்த அடுக்களையில் யான் தனியே இருந்தேன். என்னை இழிவாக நோக்க அங்கே ஒரு மனிதரும் இல்லை.

மற்றொன்று, அக்குரல்கள் ஆங்கிலத்திற் பேசின. மட்டக்களப்பில் ஒரு பெண்ணின் காதில் ஒலிக்கும் குரல் ஆங்கிலத்திற் பேசாது. அவள் மாமியின் பேச்சில், அயலாளின் பேச்சிற் பேசும். குரல் கேட்பது என்பதும் இவ்வூரில் எக்காலத்தும் இழிவாக இருந்ததில்லை. நிலவுக்காலத்தில் விருந்தினரைத் தோணியில் ஏற்றிக் கல்லடிப் பாலத்தருகே கொண்டுபோய், துடுப்பை நீரிலிட்டு மறுநுனியிற் காதை வைக்கச் சொல்லி, மீன் பாடுவதைக் கேளுங்கள் என்று பெருமைப்படுவோர் நாம். வைகாசிச் சடங்கில் உருவேறி வாக்குச் சொல்லுபவரைக் கைகூப்பி வணங்குவோரும் நாமே. 1990களில், காணாமற்போன மக்களைத் தேடிய தாய்மார் இவ்வாவிக்கரைக் கோயில்களில் வாக்குக் கேட்டு ஆறுதல் பெற்றதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் ஆராய்ந்து எழுதியுள்ளார். நோயைத் தெய்வமென்று கொண்டு மருந்தை மறுக்கும் மடமைக்கு யான் துணைபோகேன். 2001 ஆகஸ்ற் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், பேய் நீங்கவெனச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை எவரும் மறத்தல் கூடாது. யான் சொல்ல வந்தது வேறு. ஒருவர் மீது வடு விழுவது அவர் குரல் கேட்டதனால் அன்று. ஊர் அவரை எவ்விடத்தில் வைத்தது என்பதனால்.

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்துச் சென்றபின், உள ஆறுதல் கூறவென வெளிநாட்டார் பலர் வந்திறங்கினர். ஆற்றுப்படுத்தல் என்னும் நம் பழஞ்சொல் அந்நாட்களிற் புதுவாழ்வு பெற்றது; அதுவரையில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வந்தவர் பலர் நோயின் பட்டியலைத் தம் நாட்டிலிருந்தே கொண்டுவந்தனர். ஈதன் வாற்றர்ஸ் என்பவர் 2010இல் எழுதிய நூலில் ஓர் அதிகாரம் முழுவதும் இதனையே கூறுகிறது. உளவியலாளர் காயத்திரி பெர்னாண்டோவின் ஆய்வையும் அவர் அதிற் சுட்டுகிறார். இலங்கையர் தம் துயரைச் சொல்லும்போது உள்ளத்துள் நிகழும் கோளாறாக அதனைச் சொல்லாமல், உடல்நோவாகவும், உறவுகளில் தமக்கிருந்த இடம் அழிந்ததாகவுமே பெரிதும் சொல்லினர் என்பது அவர் கண்டது.

இங்கிருந்துதான் என் கருத்துப் பிறந்தது. அதை மாணாக்கியிடம் இவ்வாறு கூறினேன். உங்கள் தாதியர்க்குக் கண்ணாடி வேண்டுமானால் வாங்குங்கள். ஆனால் அந்த அடுக்களையைக் காட்டாதீர்கள். நோயாளியின் கட்டிலில் அவர்களைக் கிடத்துங்கள். தலைமாட்டில் இரண்டு தாதியர் நின்று அவரைப் பற்றி அவர் முன்னிலையிலேயே, அவர் இல்லாதவர் போலப் பேசட்டும். ‘நெஞ்சு நோகுது’ என்று அவர் சொல்ல, ‘சும்மா படுங்க’ என்று ஒரு தாதி திரும்பிப் போகட்டும். அவர் வீட்டுக்குப் போகட்டும். ஆங்கே அவருக்கு மட்டும் வேறு கோப்பையில் தேநீர் வரட்டும். தங்கைக்குப் பேசிய கலியாணம் குழம்பியது என்று பக்கத்து அறையில் மெல்லிய குரலிற் கேட்கட்டும். இவற்றில் எதுவும் மாயத்தோற்றமன்று. கண்ணாடியை அணிந்த தாதி தன் முகத்தையே எதிரே காணவேண்டும். அந்த உரையாடலை யானோ நீயோ எழுதுதல் ஆகாது. கட்டிலிற் கிடந்து எழுந்தவர்களே எழுதவேண்டும். எழுதியதற்கு உரிய கூலியும் பெறவேண்டும்.

கண்ணாடியைக் கழற்றியதும் எதிரே ஒருவர் இருக்கவேண்டும் என்றும் கூறினேன்: நோயுற்றுத் தேறி, இன்று தொழில் செய்து வாழும் ஒருவர். சிக்காக்கோவைச் சேர்ந்த பற்றிக் கொரிகன் முதலியோர் 14 நாடுகளில் நிகழ்ந்த 72 ஆய்வுகளை 2012இல் ஒன்றுகூட்டி நோக்கினர். வளர்ந்தோரிடம் விரிவுரையினும் நேர்ப்பழக்கமே வடுவை மிகுதியாகக் குறைத்தது என்றும், அப்பழக்கமும் படத்தின் வாயிலாக வருவதினும் முகத்துக்கு முகமாக வருவதே சிறந்தது என்றும் கண்டனர். 2022இல் லான்செற் மருத்துவ ஏட்டின் ஆணைக்குழுவும் இதனையே வலியுறுத்தியது. அதன் இணைத்தலைவர் இருவருள் ஒருவரான சார்லீன் சங்கல் தாமே மனச்சிதைவு நோயோடு வாழ்பவர்.

நம் வடமோடிக் கூத்தனுக்கு ஒரு பாத்திரத்தின் தாளக்கட்டும் நடையும் உடம்பில் ஏற மாதக்கணக்காகின்றது, அண்ணாவியார் விடமாட்டார். ஏழு நிமிடத்தில் ஏறியது ஏழு நிமிடத்தில் இறங்கிவிடுமோ என்னும் ஐயம் எனக்கு இன்னும் உண்டு. செலவு பற்றிய கேள்வியும் உண்டு. ஒரு விடுதியில் இரவுக்கு இன்னொரு தாதியை அமர்த்துவதா, பத்துக் கண்ணாடி வாங்குவதா என்று என்னைக் கேட்டால் யான் தாதியையே சொல்வேன். அதனை மாணாக்கி ஒப்பவில்லை. “அந்த இன்னொரு தாதியும் ‘அங்கொடைக் கேஸ்’ எண்டு சொன்னா என்ன செய்யிற, ஐயா?” என்றாள். மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை.

அப்பொழுதுதான் அவளிடம் 1998ஆம் ஆண்டின் கதையைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, அந்த வகுப்பறையையும் ஒரு காட்சியாக ஆக்கலாமா என்று கேட்டாள். பார்ப்பவர் சாளரத்தோரத்து மாணவனின் இருக்கையில் இருப்பார், சுற்றிலும் சிரிப்பு, கரும்பலகையில் அந்தச் சொல். அவன் பெயரோ ஊரோ பள்ளியோ எதுவும் வராது. ஆசிரியரின் குரலுக்கு எவரையாவது நடிக்க வைக்கலாம் என்றாள். வேறெவரும் வேண்டா, யானே பேசுகிறேன் என்றேன்.

மறு சனிக்கிழமை தன் கைத்தொலைபேசியோடு வந்தாள். விறாந்தையிலேயே ஒலிப்பதிவு. பாடத்தின் முற்பகுதி தடையின்றி வந்தது. முப்பது ஆண்டாகச் சொல்லிவரும் பாடமல்லவா. ‘நல்ல உதாரணம்’ என்னும் இடத்துக்கு வந்ததும் குரல் கம்மியது. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஐயா, இன்னும் கொஞ்சம் சிரிச்சிச் சொல்லணும். அண்டைக்குச் சிரிச்சீங்கதானே.”